ரொட்டி வண்டிக்குப் பின்னால் ஒரு ஊர்வலம்

என் தம்பி ஜெயில்ல இருந்து வெளியில வந்த மறுநாள் காலையில, பால் வாங்கிட்டு வரேன்னு பக்கத்துக் கடைக்குப் போனான். பால் பாக்கெட்டை வாங்கினோமா, காசைக் கொடுத்தோமான்னு திரும்பி வர வேண்டியதுதானே? கல்லாவுல இருந்த ஆளை நேருக்கு நேர் பாத்து, "அண்ணே, என் முகத்தை நல்லாப் பாத்துக்குங்க. இப்ப மணி ஏழரை. நான் இங்கதான் நிக்கறேன். யாராவது கேட்டா சொல்வீங்கல்ல?" அப்படின்னு கேட்டிருக்கான். அந்த மனுஷன் ஆடிப் போயிட்டாரு. மத்தியானமே என்கிட்ட வந்து, உங்க தம்பிக்கு யார்கூடயாவது தகராறான்னு ரகசியமா விசாரிச்சாரு.

எனக்கு அதுல தப்பு ஒண்ணும் தெரியல. புத்திசாலித்தனமான காரியம்னுதான் தோணிச்சு. எங்க வீட்டுல பொறந்திருந்தா உங்களுக்கும் அப்படித்தான் தோணியிருக்கும்.

நடந்தது இதுதான். தம்பி அப்ப வேன் ஓட்டிக்கிட்டு இருந்தான். ஒரு லீவு நாள்ல, மத்தியானம் சாப்பிட்டு முடிச்சுட்டு, ஊருக்கு வெளியில வாய்க்கால் கரைக்குப் போயி, ஒரு மரத்தடியில உக்காந்து தண்ணியைப் பாத்துக்கிட்டு இருந்தான். அதே நேரம் பாத்து ஊருக்குள்ள ஒரு கடிகாரக் கடையில எவனோ புகுந்து, கடைக்காரர் மண்டையை உடைச்சு, கையில சிக்கினதை அள்ளிக்கிட்டு ஓடிட்டான். கடைக்காரர் ஆஸ்பத்திரிக் கட்டில்ல படுத்துக்கிட்டே, அந்தத் தெருவுக்கு வந்து போறவங்கன்னு போலீஸ் காட்டின போட்டோக்களைப் பாத்து, இவன்தான்னு என் தம்பியைக் காட்டிட்டாரு. தம்பி அந்தத் தெருவுக்கு அடிக்கடி சாமான் இறக்கப் போறவன். அங்க இங்க பாத்த முகம். அவர் விரல் தானா அந்தப் போட்டோ மேல போய் நின்னிருக்கு. பாவம், அவரைச் சொல்லியும் குத்தமில்ல. ஆனா நான் பல வருஷம் அவரைச் சொல்லியிருக்கேன், வாய்க்கு வந்தபடியெல்லாம்.

கோர்ட்ல எதிர்த்தரப்பு வக்கீல் சிரிச்சுக்கிட்டே கேட்டாரு. வயசுப் பையன், துணைக்கு ஆள் இல்ல, கையில ஒரு வேலை இல்ல, ஒரு மத்தியானம் முழுக்கத் தண்ணியைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தானாம், இது நம்பற மாதிரியா இருக்குன்னு. ஒருத்தரும் நம்பல. அவனை அந்தக் கரையில பாத்தேன்னு சொல்ல ஒரு ஆள், ஒரே ஒரு ஆள் கிடைச்சிருந்தாப் போதும். கிடைக்கல. பத்து வருஷத்துக்கு மேல உள்ள இருந்தான்.

அந்தப் பத்து வருஷமும் ஞாயிற்றுக்கிழமை தவறாம எங்க லாண்டரியோட இஸ்திரி ரூம்ல கூட்டம் நடக்கும். கீழ லாண்டரி, மேல வீடு. முதல்ல நானும் எங்க வீட்டுக்காரரும் மட்டும்தான். அப்புறம் வாத்தியார் வந்தாரு. தம்பிக்குக் கணக்கு சொல்லிக் கொடுத்தவரு. பரீட்சையில காப்பி அடிச்சாக்கூட முழி பிதுங்கிக் காட்டிக் கொடுத்துடற பய, இவனா கடையில புகுந்து திருடப் போறான்னு சொல்லிக்கிட்டே வந்து உக்காந்தாரு. அடுத்தது ரேடியோ அண்ணன். ரிட்டயர் ஆன பஸ் டிரைவர். வெளுக்கப் போட்ட கோட்டைத் திரும்ப வாங்க வந்த இடத்துல கதையைக் கேட்டுட்டு, அன்னையில இருந்து எங்களோடவே இருந்துட்டாரு. வாயை மூட மாட்டாரு. அவர் காதோட காதா ரகசியம் சொன்னா எதிர்த்த வீட்டுல பதில் சொல்வாங்க. கடைசியா வக்கீலம்மா. சின்ன வயசு, நடந்துக்கிட்டே சாப்பிடற ஜாதி, மண்டை முழுக்க மூளை.

நாங்க ஏறாத படி இல்ல. வாய்க்கால் பக்கம் இருக்கற வீடுகளை சல்லடை போட்டு சலிச்சோம். தட்டின கதவுகள்ல பாதி முகத்துல அடிச்ச மாதிரி மூடிச்சு. கடைசியில வக்கீலம்மாதான் ஒத்தக் கால்ல நின்னு, கடிகாரக் கடையோட உடைஞ்ச கண்ணாடியில இருந்த கைரேகையைத் திரும்பப் பாக்க வெச்சாங்க. அது வேற எவனோடதோ. அவன் வேற திருட்டுக்காக ஏற்கெனவே வேற ஜெயில்ல உக்காந்திருந்தான். கோர்ட்டு என் தம்பியைப் பாத்து, நீங்க குத்தவாளி இல்ல, போகலாம்னு சொல்லிச்சு. பத்து வருஷத்தை முழுங்கிட்டு, ஸ்டாப்பு வந்துருச்சு இறங்குன்னு சொல்ற மாதிரி. எனக்கு அன்னைக்கு வந்த கோபத்துக்கும் சந்தோஷத்துக்கும், கோர்ட் வராந்தாவுல யாரைக் கட்டிப் பிடிச்சேன்னே தெரியல. காவல்காரரையும் பிடிச்சேன்னு அப்புறம் சொன்னாங்க.

அவன் வந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் கூட்டம் கூடிச்சு. பழக்க தோஷம். எல்லாரும் வந்து உக்காந்தாங்க, டீ குடிச்சாங்க, ஆனா செய்யறதுக்கு ஒரு வேலையும் இல்ல. ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாத்துக்கிட்டு இருந்தோம். அப்பத்தான் வாத்தியார் மெதுவா ஆரம்பிச்சாரு. ஒரு தடவை நடந்தது இன்னொரு தடவை நடக்காதுன்னு என்ன நிச்சயம்? இனிமே எந்த மூலையில எந்தக் கடை உடைஞ்சாலும் போலீஸ் மொதல்ல யாரைத் தேடும்? அந்த நிமிஷமே முடிவு பண்ணிட்டோம். இனி தம்பி தனியா எங்கயும் போகக் கூடாது. எப்பவும் சாட்சிக்கு ஒரு ஆள் கூட இருக்கணும். வக்கீலம்மா மட்டும் அன்னைக்கு வரல. வந்திருந்தா அப்பவே திட்டியிருப்பாங்க.

சலூனுக்குப் போனா வாத்தியார் துணைக்குப் போவாரு. முடி வெட்டறவருக்கும் தம்பிக்கும் நடுவுல நின்னுக்கிட்டு நேரத்தைச் சத்தமாச் சொல்வாரு. கண் டாக்டர்கிட்ட போனா ரேடியோ அண்ணன் போவாரு, காத்திருக்கற அத்தனை பேருக்கும் தம்பியை அறிமுகம் பண்ணி வைப்பாரு. தம்பியும் இதுக்கெல்லாம் மறுப்பே சொல்லல. அவன் பங்குக்கு, கடையில கொடுக்கற துண்டுச் சீட்டு, பஸ் டிக்கெட்டு எல்லாத்தையும் பேன்ட் பையில திணிச்சு வெச்சுக்குவான். அந்தப் பேன்ட்டு ஒரு நாள் ஓட்டல் மேஜை விரிப்போட சேர்ந்து மெஷினுக்குள்ள போயிடுச்சு. வெள்ளை விரிப்பு பூராவும் காகிதத் தூள். உதறி உதறிக் கை ஓஞ்சு போச்சு. காட்டுக் கத்தா கத்தினேன். விரிப்பு போச்சேன்னு கத்தல. சாட்சி போச்சேன்னு கத்தினேன்.

எங்க வீட்டுக்காரர் மட்டும் ஒரு ஓரமா நின்னு டீயைக் கலக்கிக்கிட்டே, "மாப்ளைக்கு மூச்சு விடவாவது விடுவீங்களா, இல்ல அதுக்கும் ஆள் கூட வருமா?"ன்னு கேட்டாரு. உங்களுக்கு ஒண்ணும் தெரியாது, போங்கன்னு சொல்லிட்டேன். அவரும் போயிட்டாரு. முப்பது வருஷமா அப்படித்தான் எங்க குடும்பம் நடக்குது.

அப்பத்தான் இந்த பேக்கரி வேலை வந்துச்சு. ரெண்டு தெரு தள்ளி இருக்கற பேக்கரியை நடத்தறவங்க என் வயசுக்காரம்மா. எல்லாரும் முதலாளியம்மான்னுதான் கூப்பிடுவோம். பேச்சை அளந்துதான் விடுவாங்க. அவங்க வேனை ஓட்டிக்கிட்டு இருந்த ஆள் நின்னுட்டாரு. காலையில ரொட்டியை ஏத்திக்கிட்டு ஆஸ்பத்திரி கேன்டீன், மாணவிகள் விடுதி, டீக்கடைகள்னு ஒரு சுத்து சுத்தி இறக்கணும். தம்பி காதுல இது விழுந்ததுதான் தாமதம், எனக்கு அந்த வேலை வேணும்னான். வெளியில வந்த நாள்ல இருந்து அவன் வாயில இருந்து வேணும்ங்கற வார்த்தையே வந்தது இல்ல. டீ வேணுமான்னா குடுன்னுவான், சட்டை வேணுமான்னா இருக்கறது போதும்னுவான். இப்ப வேணும்னு கேக்கறான், கண்ணு பளபளங்குது. எனக்கு நெஞ்சு கொள்ளல. நானே கூட்டிக்கிட்டுப் போனேன்.

முதலாளியம்மாவுக்கு இவன் கதை தெரியும். அதைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல. வண்டி ஓட்டி ரொம்ப நாளாச்சா, லைசென்ஸ் புதுப்பிச்சாச்சான்னு கேட்டாங்க. அப்புறம், ரொட்டி சூடு ஆறறதுக்குள்ள போய்ச் சேரணும், ஒரு வாரம் பாக்கறேன், சரியா வந்தா வேலை உங்களுக்குன்னு முடிச்சுக்கிட்டாங்க.

அந்த ஒரு வாரத்துல முதல் நாள் நடந்த கூத்தைத்தான் இப்ப சொல்லப் போறேன்.

வண்டியில டிரைவரைத் தவிர வேற ஆள் ஏறக் கூடாதுங்கறது பேக்கரி சட்டம். ஏறக் கூடாதுன்னுதானே சொன்னாங்க, பின்னால வரக் கூடாதுன்னு சொல்லலையே. வாத்தியார் தன் ஸ்கூட்டரை எடுத்துக்கிட்டாரு. தலையில ஹெல்மெட்டு, கழுத்துல மப்ளரு, சந்திர மண்டலத்துக்குப் போற மாதிரி. ரேடியோ அண்ணன் தன்னோட ஓட்டைக் காரை எடுத்தாரு. அதுல நானும் ஏறிக்கிட்டேன். முன்னால ரொட்டி வண்டி, நடுவுல ஸ்கூட்டரு, கடைசியில கரும்புகை விட்டுக்கிட்டு எங்க காரு. இடது பக்கம் திரும்பினா மூணு வண்டியும் திரும்புது, நின்னா மூணு வண்டியும் நிக்குது. ஒரு டீக்கடையில கூட்டம் எழுந்து நின்னு வழி விட்டுச்சு, யாரோ பெரிய ஆள் வர்றாங்கன்னு.

தம்பி வண்டியில இருந்து ரொட்டி இறக்கறதுக்கு ஆகற நேரம் கொஞ்சம்தான். ஆனா ஒவ்வொரு இடத்துலயும் இறங்கி, முகத்தைக் காட்டி, மணியைச் சொல்லி, ஞாபகம் வெச்சுக்குங்கன்னு கேட்டுட்டுத்தான் கிளம்பினான். ஆஸ்பத்திரி கேன்டீன்ல பாத்திரம் கழுவற அம்மாவைக்கூட விடல. அவங்க கை ஈரத்தோட வந்து, சரிப்பா ஞாபகம் வெச்சுக்கறேன்னு ஆசீர்வாதம் பண்ற மாதிரி சொல்லிட்டுப் போனாங்க. விடுதிக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள பிள்ளைங்க பட்டினியா காலேஜுக்குப் போயிடுச்சுங்க. ரொட்டி ஆறி விறைச்சுப் போச்சு. விடுதி அம்மா போனைப் போட்டு பேக்கரியைக் கிழிகிழின்னு கிழிச்சுட்டாங்க.

திரும்பி வந்தப்போ முதலாளியம்மா வாசல்ல நின்னுக்கிட்டு இருந்தாங்க. ரொட்டி வண்டி வந்து நின்னுச்சு. ஸ்கூட்டர் வந்து நின்னுச்சு. எங்க கார் இருமிக்கிட்டே வந்து நின்னுச்சு. ஒவ்வொருத்தரையா பாத்தாங்க. நான் கண்ணாடியை இறக்கி வணக்கம் சொன்னேன், என்ன பண்றது.

"நான் ரொட்டி கொண்டு போகத்தான் ஆள் கேட்டேன், ஊர்வலம் கேக்கல. நாளையில இருந்து வண்டி தனியாப் போய் தனியா வரணும். பின்னால ஒரு வால் தெரிஞ்சாலும் அதுதான் கடைசி நாள்" அப்படின்னாங்க. குரலை உசத்தல. உசத்தியிருந்தா நானும் பதிலுக்கு உசத்தியிருப்பேன். அது எனக்குக் கை வந்த கலை.

வீட்டுக்கு வந்து நான் குதிச்ச குதியில மேல இருந்த ஹேங்கர் எல்லாம் ஆடிச்சு. அந்த அம்மாவுக்கு என்ன தெரியும், பத்து வருஷம் ஜெயில் வாசல்ல நின்னவ அவங்களா நானான்னேன். வேலையே வேண்டாம், லாண்டரியில துணி மடிக்கட்டும், என் கண் முன்னால இருக்கட்டும்னேன். வாத்தியாரும் ரேடியோ அண்ணனும் அதுதான் சரின்னு தலையை ஆட்டினாங்க. விஷயம் கேள்விப்பட்டு வக்கீலம்மா ஓடி வந்தாங்க, கையில பாதி கடிச்ச ஆப்பிள். கேஸ் முடிஞ்சு போச்சு அக்கா, இன்னும் நீங்க அதை நடத்திக்கிட்டு இருக்கீங்க, அவர் இப்ப கட்சிக்காரர் இல்ல, உங்க தம்பின்னு மூணு பேரையும் நிக்க வெச்சுக் கேட்டாங்க. உங்களுக்குச் சின்ன வயசு, பயம்னா என்னன்னு தெரியாதுன்னு அவங்க மேலயும் பாஞ்சேன்.

தம்பி அதுவரைக்கும் இஸ்திரி மேஜை ஓரமா உக்காந்து, யாருடைய சட்டையையோ எடுத்து மடிச்சுக்கிட்டு இருந்தான். அதைக் கீழ வெச்சுட்டு என்னைப் பாத்தான்.

"அக்கா, உள்ள இருந்தப்போ எந்நேரமும் யாராவது என்னைப் பாத்துக்கிட்டே இருப்பாங்க. தூங்கறப்போ, குளிக்கறப்போ, கக்கூஸ்ல உக்காந்திருக்கறப்போ. அத்தனை வருஷத்துல யாரும் பாக்காத நிமிஷம்னு ஒண்ணு எனக்குக் கிடைக்கல. வெளியில போனா கிடைக்கும்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன்."

நான் வாயைத் திறந்தேன். அவன் விடல.

"உன்னைக் குத்தம் சொல்லல. நானேதான் ஒவ்வொருத்தரையா நிறுத்தி, என்னைப் பாருங்க பாருங்கன்னு கெஞ்சிக்கிட்டுத் திரியறேன். தனியா இருந்தா எனக்கு நெஞ்சு அடிச்சுக்குது. யாரும் பாக்காத நேரத்துக்கு என்ன விலைன்னு எனக்குத் தெரியும்ல. ஆனா இப்படியே இருந்தா, ஜெயில் பெருசாகியிருக்கு, அவ்வளவுதான். நாளைக்கு நீங்க யாரும் வராதீங்க. நானும் யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லாம ஓட்டிப் பாக்கறேன்."

பத்து வருஷம் நான் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்னு இவனுக்காக எவ்வளவோ அழுதிருக்கேன், ஆனா இந்த ஒரு விஷயம் என் புத்தியில உறைச்சதே இல்ல. இவனை ஒருத்தரும் பாக்கலையேன்னு நான் மாரடிச்சுக்கிட்டு இருந்தேன். இவன் அங்க, எல்லாரும் பாக்கறாங்களேன்னு செத்துக்கிட்டு இருந்திருக்கான். முந்தானையால முகத்தைத் தொடைச்சுக்கிட்டு, சரி போன்னேன். வர மாட்டேன்னும் சொன்னேன்.

வர மாட்டேன்னுதான் சொன்னேன். போன் பண்ண மாட்டேன்னு சொல்லல. மறுநாள் அவன் கிளம்பின கொஞ்ச நேரத்துல விடுதிக்குப் போனைப் போட்டு, ரொட்டி வந்துச்சாங்க, சூடா இருந்துச்சாங்கன்னு கேட்டேன். விடுதி அம்மா, ரொட்டியும் வந்துச்சு, ஆளும் வந்தாரு, ரெண்டும் நல்லா இருக்கு, நீங்க யாருன்னாங்க. வெச்சுட்டேன். அதுக்குள்ள இஸ்திரிப் பெட்டிக்கு அடியில ஓட்டல் மேனேஜர் பேன்ட்டு பொசுங்கி முட்டியில ஜன்னல் திறந்துக்கிச்சு.

ரேடியோ அண்ணன் கதை இன்னும் மோசம். கறுப்புக் கண்ணாடியும் தொப்பியும் போட்டுக்கிட்டு, பேப்பர் படிக்கற மாதிரி நாலு ரோடு சந்திப்புல நின்னிருக்காரு. மாறுவேஷமாம். பேப்பரைத் தலைகீழா பிடிச்சிருந்தாராம். தம்பி வண்டியை நிறுத்தி, அண்ணே வெயில் ஏறிடுச்சு, வீட்டுக்குப் போங்கன்னு சொல்லிட்டுப் போயிருக்கான். வாத்தியாருக்கோ திடீர்னு ஆஸ்பத்திரிப் பக்கம் காலையில நடந்தா முட்டிவலி குறையும்னு ஞானம் வந்துச்சு.

தம்பிக்கும் சுலபமா இல்ல. கேன்டீன்ல வாய் வரைக்கும் வந்துருச்சு அக்கா, ரொட்டித் தட்டை அந்தம்மா கையில திணிச்சுட்டு ஓடி வந்துட்டேன்னு, தனியாப் போன முதல் நாள் சாயங்காலம் சொன்னான். அடுத்த நாள் ரெண்டு இடத்துல மட்டும்தான் நாக்கு அரிச்சுதுன்னான். அதுக்கடுத்த நாள் அதைப் பத்திப் பேச்சே எடுக்கல. விடுதிப் பிள்ளைங்க ரொட்டி ஓரத்தைப் பிச்சுத் தின்னுட்டு மீதியை வெச்சுட்டுப் போகுதுங்க, ஓரம் மட்டும் தனியா சுட முடியுமான்னு முதலாளியம்மாவைக் கேக்கணும்னான். நான் அடுப்படிக்குப் போய் எங்க வீட்டுக்காரர் முதுகுல ஒரு தட்டு தட்டினேன். கேட்டீங்களா, ரொட்டியைப் பத்திப் பேசறான்னேன். அவர் சிரிச்சாரு. நானும் போன் பண்றதை நிறுத்திட்டேன். சத்தியமா.

வாரத்தோட கடைசி நாள். மத்தியானத்துக்குள்ள வண்டி திரும்பிடும், தம்பி சாப்பிட வந்துடுவான். வேலை கிடைச்சுடும்னு எனக்குத் தெரியும், அதனால கறியெல்லாம் வாங்கி வெச்சுச் சமைச்சேன். வாத்தியாரையும் ரேடியோ அண்ணனையும் வரச் சொன்னேன். வக்கீலம்மாவும் வந்துட்டாங்க. சாப்பாட்டு நேரம் வந்துச்சு, தாண்டிச்சு. தம்பி வரல. அவன் போனுக்கு அடிச்சா, அது மேல அவன் தலையணைக்கு அடியில இருந்து அடிக்குது. வீட்டுலயே விட்டுட்டுப் போயிருக்கான்.

பேக்கரிக்கு ஓடினேன். வண்டி வந்து நிக்குது. சாவி ஆணியில தொங்குது. முதலாளியம்மா மாவுக் கையோட வந்து, வேலை உறுதின்னு சொல்லிட்டேனே, வந்து சொல்லலையான்னு கேட்டாங்க. ரொம்ப நன்றின்னு சொல்லிட்டு நடந்துதான் போனாராம். சிரிச்ச முகமா இருந்தாராம். எந்தப் பக்கம்னு அவங்க பாக்கல. அவங்களுக்கு அடுப்புல வேலை.

வேலை கிடைச்ச சந்தோஷத்துல நேரா வீட்டுக்குத்தானே வரணும்? எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. ரேடியோ அண்ணன் காரை எடுத்துக்கிட்டு ஒரு பக்கம் போனாரு, வாத்தியார் ஸ்கூட்டர்ல ஒரு பக்கம். பால் கடையில கேட்டேன், சலூன்ல கேட்டேன், பஸ் ஸ்டாப்புல உக்காந்திருந்த முன்னப் பின்னத் தெரியாத ஆளுங்களையெல்லாம் கேட்டேன். பாக்கல, பாக்கல, பாக்கல. பத்து வருஷத்துக்கு முன்னால கதவு கதவா தட்டிக் கேட்ட அதே பதில். நடுத்தெருவுல ஒரு போலீஸ் வண்டி சைரன் போட்டுக்கிட்டுப் போச்சு. அங்கயே ஒரு சுவரைப் பிடிச்சுக்கிட்டு நின்னுட்டேன். இந்த நேரத்துல எங்கயாவது ஒரு கடை உடையுதோ, எவன் மண்டையாவது உடையுதோ, எந்த விரல் எந்தப் போட்டோ மேல போகப் போகுதோன்னு மனசு அது பாட்டுக்கு ஓடுது. வக்கீலம்மாதான் வந்து என் கையைப் பிடிச்சு லாண்டரிக்குக் கூட்டிக்கிட்டு வந்தாங்க. ஒண்ணும் ஆகியிருக்காது அக்கான்னு சொன்னாங்க. சொன்ன அவங்க கையும் சில்லுனுதான் இருந்துச்சு.

தேடிப் போனவங்களும் வெறுங்கையோட திரும்பி வந்து உக்காந்துட்டாங்க. வெயில் தாழ ஆரம்பிச்ச நேரத்துல தம்பி கதவைத் தள்ளிக்கிட்டு வந்தான். கையை வீசிக்கிட்டு, முடியெல்லாம் கலைஞ்சு, பள்ளிக்கூடம் விட்டு வர்ற பிள்ளை மாதிரி. எங்களையெல்லாம் பாத்துட்டு, என்ன எல்லாரும் கீழ உக்காந்திருக்கீங்க, சாப்பிட்டாச்சான்னு கேக்கறான்.

எனக்குப் போன உசிரு திரும்பி வந்துச்சு. வந்த வேகத்துல கோபத்தையும் கூட்டிக்கிட்டு வந்துச்சு. அவனை நாலு சாத்து சாத்தணும்னு எழுந்துட்டேன். ஆனா எனக்கு முன்னால வாய் விட்டது யாருன்னு நினைக்கறீங்க? வக்கீலம்மா. எங்களுக்கெல்லாம் அவ்வளவு புத்தி சொன்ன அந்தப் பொண்ணு, "எங்க போயிருந்தீங்க? எத்தனை மணிக்குக் கிளம்பினீங்க? வழியில யாரைப் பாத்தீங்க?"ன்னு குறுக்கு விசாரணையே ஆரம்பிச்சுட்டாங்க. அப்புறம் நாக்கைக் கடிச்சுக்கிட்டு வாயைப் பொத்திக்கிட்டாங்க.

தம்பி யோசிச்சான். எங்க ஒவ்வொருத்தர் முகத்தையும் பாத்தான்.

"சொல்ல மாட்டேன்"னான்.

வாத்தியாருக்குத் தாங்கல. சரிப்பா, இடம் சொல்ல வேண்டாம், உன்னை யாராவது பாத்தாங்களா, அதை மட்டும் சொல்லிடுன்னு கிட்டத்தட்ட கெஞ்சினாரு.

"ஒருத்தர் கூட பாக்கல சார்." சொல்றப்போ அவன் முகத்தை நீங்க பாத்திருக்கணும். அவ்வளவு பெருமை. "முழு மத்தியானமும். ஒரு ஈ காக்கா பாக்கல."

எல்லாரும் என்னைத்தான் பாத்தாங்க, இப்ப வெடிப்பா, இப்ப வெடிப்பான்னு. வெடிக்கத்தான் நினைச்சேன். ஆனா எதிர்ல நிக்கறவனுக்குப் பயமே இல்ல. மூச்சு சீரா விடறான். கண்ணு வாசலைப் பாத்துப் பாத்துத் திரும்பல. இவனை இப்படிப் பாக்கணும்னுதானே அத்தனை கதவைத் தட்டினோம். சந்தோஷமா இருந்துச்சு, அதைச் சொல்றதுக்கு என்ன. அழுகை வந்துச்சு, அதையும் சொல்லிடறேன்.

"சட்டை அழுக்கா இருக்கு, கழட்டிக் குடுடா. மேல போய்க் குளிச்சுட்டு வா, கறியைச் சூடு பண்றேன்"ன்னேன். அவன் கழட்டி என் கையில கொடுத்துட்டு, ரெண்டு ரெண்டு படியாத் தாவி ஏறிப் போனான்.

உங்களுக்கு ஒண்ணு சொல்றேன். நான் வாழ்நாள் பூரா அழுக்குத் துணியைப் பாத்தே பிழைச்சவ. ஒரு சட்டையை விரிச்சுப் பாத்தா, ஆள் எங்க உக்காந்தான், எதுல சாஞ்சான், எதைத் தின்னான், மண்ணு எந்தப் பக்கத்து மண்ணுன்னு சொல்லிடுவேன். அந்தச் சட்டை என் கையில சுருண்டு கிடக்குது. முதுகுப் பக்கம் என்னமோ பச்சையா ஓரம் தெரியுது. ரேடியோ அண்ணன் கழுத்தை நீட்டறாரு. வாத்தியார் மூக்குக் கண்ணாடியைச் சரி பண்ணிக்கறாரு. வக்கீலம்மா பக்கத்துலயே வந்துட்டாங்க.

நான் அதை விரிக்கல. சுருண்டது சுருண்டபடியே மெஷினுக்குள்ள போட்டு, சோப்புத்தூளை ஒரு கை கூடவே அள்ளிப் போட்டு, மூடியைச் சாத்தி, பட்டனை அமுக்கிட்டேன்.